தானாக அணைந்த கணினியும் விரல்நுனி அளவு வைஃபை அடாப்டரும்

சித்திரை பிறந்த வாரத்தில், கீழ்த்தளத்தில் இருந்த என் கணினியை மாடி அறைக்கு மாற்றினேன். புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்வது என் தொழில் என்பதால், காலை முதல் இரவு வரை கணினியின் முன்னால்தான் இருக்கிறேன். ரௌட்டர் கீழே கூடத்தில் இருக்கிறது. அங்கிருந்து மாடிக்கு லேன் கேபிள் இழுக்க வேண்டுமென்றால் கான்கிரீட் தளத்தில் துளையிட வேண்டும். அதற்குக் கொத்தனார் கிடைக்கும்வரை சமாளிக்கலாம் என்று ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டரை வாங்கிச் செருகினேன். விரல்நுனி அளவே உள்ள பொருள். பத்து நாள் கழித்துக் கணினி தானாக அணைந்து மீண்டும் தொடங்க ஆரம்பித்தபோது, அந்தச் சிறு பொருளின் மேல் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தேன். கோடையில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது வழக்கம். யூபிஎஸ்ஸின் பேட்டரியும் பழையது. ஆகவே பேட்டரியை மாற்றினேன். அடுத்த நாளே கணினி மறுபடி அணைந்தது. மாடி அறையின் வெக்கையால் இருக்கலாம் என்று மின்விசிறியில் படிந்திருந்த தூசியைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். அதனாலும் பயனில்லை. பிறகு, வழக்கமாகப் பழுது பார்க்கும் தம்பி வந்தார். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் பொறுமையாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மீண்டும் பொருத்தினார். விளிம்பில் அழுக்குப் படிந்து தொடர்பு விட்டுப்போகும் கணினிகள் இதனால் சரியாவதுண்டு. ஆகவே அவர் செய்ததைக் குறைசொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் கணினி அணைந்தபோது அவர், “அண்ணே, எஸ்எம்பிஎஸ் வீக் ஆயிருச்சுன்னு நினைக்கிறேன். அதை மாத்திப் பாப்போம், இல்லேன்னா மதர்போர்டுதான்” என்றார். எஸ்எம்பிஎஸ் என்பது கணினிக்குள் இருக்கும் மின்வழங்கி. மதர்போர்டு என்றதும் செலவை நினைத்துத் தயங்கி, இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன்.

அந்த இரண்டு நாளில் செய்த காரியங்களில் மிகவும் பயன்பட்டது, ஒரு பழைய குறிப்பேட்டில் எழுதி வைத்ததுதான். கணினி அணைந்த நேரத்தையும், அப்போது அதில் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்பதையும் எழுதினேன். நினைவில் இருந்த பழைய சம்பவங்களையும் சேர்த்து எழுதியபோது, “காலை 11.10, சிவகாசிக்குப் பிடிஎஃப் ஏற்றும்போது”, “மாலை 4 மணி, எழுத்துருத் தொகுப்பு இறக்கும்போது”, “இரவு 9.30, மறுபடி சிவகாசி” என்று வரிகள் அடுத்தடுத்து ஒரே மாதிரி அமைந்தன. படங்களைத் திருத்தும்போதோ, நானூறு பக்க நூலைப் பிடிஎஃப்பாக மாற்றும்போதோ ஒருமுறைகூட அது அணையவில்லை. பிராசஸரும் ரேமும் அதிகம் உழைப்பது அந்த வேலைகளில்தான். எஸ்எம்பிஎஸ் பலவீனமாக இருந்தால் அப்போதுதான் கணினி விழுந்திருக்கும். முதல் பத்து நாள் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அப்போது புரிந்தது. அந்த நாட்களில் நான் பெரிய கோப்பு எதையும் அனுப்பவில்லை.

இன்னொன்றும் விளங்கியது. முந்நூறு எம்பி கோப்பை ஏற்றத் தொடங்கியதும், காபி குடிக்கக் கீழே போய்விடுவது என் வழக்கம். திரும்பி வரும்போது கடவுச்சொல் கேட்கும் திரை நிற்கும். அதனால்தான் மின்சாரம் போய்வந்ததாக நினைத்தேன். உண்மையில் ஒவ்வொரு முறையும், பெரும்பிழையால் விண்டோஸ் நின்றுபோகும்போது காட்டும் நீலத்திரை தோன்றி, சில நொடிகளில் விண்டோஸ் தானே மறுதொடக்கம் செய்திருக்கிறது. ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’ அமைப்பில் தானாக மறுதொடக்கம் செய்யும் குறியை எடுத்துவிட்டால் நீலத்திரை அப்படியே நிற்கும். பிழையின் பெயரையும், சில சமயம் தவறு செய்த கோப்பின் பெயரையும் அதில் படிக்கலாம்.

மின்சாரத்தால் அணைந்ததா, நீலத்திரையால் விழுந்ததா என்பதை நடந்து முடிந்த பிறகும் அறிய வழி இருக்கிறது. கணினியில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பதிவுகளைத் திறந்தால் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு இருக்கும். பலர் இதைப் பார்த்ததும், பவர் என்ற சொல் இருப்பதால், மின்வழங்கியே குற்றவாளி என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதைத் தவிர அந்தப் பதிவுக்கு வேறு பொருள் இல்லை. அதன் விவரப் பகுதியில் உள்ள ‘பக்செக் கோட்’ எண்ணைத்தான் பார்க்க வேண்டும். மின்சாரம் அறுந்திருந்தாலோ, பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தாலோ அங்கே பெரும்பாலும் 0 இருக்கும். என் கணினியில் 209 இருந்தது. இது சாதாரணப் பத்தடிமான எண். பதினாறடிமானத்துக்கு மாற்றினால் டி1 என்று வரும். நீலத்திரைப் பட்டியலில் டி1 என்பதன் பெயர் ‘டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’.

பெயர் மிரட்டினாலும் விஷயம் எளியதுதான். ஒரு கருவி அவசரமாகக் கவனிக்கச் சொல்லிக் கணினியை இடைமறிக்கும்போது, அதன் டிரைவர், அதாவது அந்தக் கருவியை இயக்கும் மென்பொருள், மிக உயர்ந்த முன்னுரிமையில் ஓடும். அந்த நிலையில், அப்போது ரேமில் இல்லாத நினைவகப் பகுதியையோ தவறான முகவரியையோ அது தொடக்கூடாது. தொட்டால், தரவு மேலும் கெடாதபடி விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. உலாவியோ வடிவமைப்பு மென்பொருளோ இதே தவறைச் செய்தால் அந்த மென்பொருள் மட்டும் மூடிக்கொள்ளும். அடாப்டரின் டிரைவர் அப்படியல்ல. அது இயங்குதளத்தின் கருவான கெர்னலோடு ஒரே இடத்தில், அதே அதிகாரத்தோடு ஓடுகிறது. நம் வீட்டுத் திண்ணையில் ஒருவர் தீக்குச்சியைத் தவறவிடுவதற்கும், வைக்கோல் போருக்குள் நின்று தவறவிடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

எந்த டிரைவர் என்பதை அறிய, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘மினிடம்ப்’ கோப்புறைக்குப் போனேன். ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு சிறு கோப்பு அங்கே பதிவாகிறது. குப்பைக் கோப்புகளை அகற்றும் மென்பொருள்கள் இவற்றையும் அழித்துவிடக்கூடும். ஆகவே பழுது தீரும்வரை அவற்றை ஓடவிடாதீர்கள். நிர்சாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘ப்ளூஸ்கிரீன்வியூ’ கொண்டு இந்தக் கோப்புகளைத் திறக்கலாம். மைக்ரோசாஃப்டின் ‘விண்டிபிஜி’ இன்னும் விரிவாகச் சொல்லும். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. கெர்னலின் பெயரோ, வலையமைப்புக்கான பொதுக் கோப்பான ‘என்டிஐஎஸ்’ பெயரோ அடிக்கடி கண்ணில் படும். அவை பெரும்பாலும் விபத்து நடந்த இடத்தைக் காட்டுகின்றனவே தவிர, அதற்குக் காரணமானதை அல்ல. ஒரே கோப்பை நம்பாமல் கிடைத்த அத்தனையையும் பார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்த ஏழு கோப்புகளில் ஆறில், அடாப்டரோடு வந்த டிரைவரின் பெயர் இருந்தது.

அப்போதும் பெயரை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. அடாப்டரைக் கழற்றிவிட்டு, கைப்பேசியை யூஎஸ்பி வழியே இணைத்து இரண்டு நாள் அதே அளவு கோப்புகளை ஏற்றி இறக்கினேன். கணினி அசையவில்லை. மூன்றாம் நாள் அடாப்டரைச் செருகினேன். நாற்பது நிமிடத்தில் நீலத்திரை வந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டபோதும் ரேமில் ஒரு பிழைகூட இல்லை. இவ்வளவுக்குப் பிறகுதான் எஸ்எம்பிஎஸ் வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன்.

‘டிரைவர் வெரிஃபயர்’ என்றொரு கருவியும் விண்டோஸிலேயே உண்டு. டிரைவர்களுக்கு வேண்டுமென்றே கடும் சோதனை வைத்து, தவறு செய்வதைக் கையும் களவுமாகப் பிடிப்பது அதன் வேலை. அதனால் கணினி தொடங்கும்போதே மீண்டும் மீண்டும் விழும் நிலைக்குப் போகலாம். அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்து அதை நிறுத்தத் தெரியாதவர்கள் தொட வேண்டாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

டிரைவரை மாற்றுவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். நானும் முதல்முறை வழுக்கினேன். கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்துவிட்டு அடாப்டரை மறுபடி செருகினால், விண்டோஸ் தன் சேமிப்பில் வைத்திருக்கும் அதே பழைய டிரைவரையே எடுத்து நிறுவிக்கொள்ளும். நீக்கும்போது, டிரைவர் மென்பொருளையும் சேர்த்து அழிக்கும் கட்டத்தில் குறியிட வேண்டும். பெட்டியோடு வந்த சிறிய குறுந்தகட்டில் இருந்த டிரைவர், நான் அடாப்டர் வாங்கிய தேதிக்குப் பல ஆண்டுகள் முந்தையது. புதியதைத் தேடும்போது, பெட்டியில் அச்சிட்ட மாடல் பெயரை மட்டும் நம்பக்கூடாது; ஒரே பெயரில் வெவ்வேறு பதிப்புகள் வெவ்வேறு சிப்புகளோடு விற்பனைக்கு வருவதுண்டு. டிவைஸ் மேனேஜரில் ‘ஹார்டுவேர் ஐடி’ என்ற வரியில் தயாரிப்பாளருக்கு ஒன்றும் பொருளுக்கு ஒன்றுமாக நான்கு இலக்கக் குறியீடுகள் இரண்டு இருக்கும். அவை சிப்பை அடையாளம் காட்டிவிடும். அதற்குரிய டிரைவரை நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்து நிறுவினேன்.

கோப்பு ஏற்றும்போது விழுவது அன்றோடு நின்றது. ஆனால் நான்கு நாள் கழித்து, உறக்க நிலையிலிருந்து எழுப்பியபோது ஒரு நீலத்திரை வந்தது. இந்தமுறை எண் 159, அதாவது 9எஃப். மின்நிலையை மாற்றச் சொன்னபோது டிரைவர் உரிய நேரத்தில் பதில் தரவில்லை என்பது அதன் பொருள். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில், மின்சிக்கனத்துக்காக இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற குறியை எடுத்தேன். பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட்’ என்பதையும் நிறுத்தினேன். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியையும் நிறுத்திவிட்டேன். அது இயக்கத்தில் இருக்கும்வரை, ‘ஷட்டவுன்’ கொடுத்தாலும் கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்பி வருகிறது.

மின்போதாமை வேறு வகைப் பழுது. யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும், 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தரும். போதாதபோது கருவி துண்டித்து இணையும் ஓசை கேட்கும். வைஃபை வந்துவந்து போகும். அப்போது பெட்டியின் முன்புறத் துளையை விட்டு, மதர்போர்டிலேயே பதிந்துள்ள பின்புறத் துளைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி 3.0 வழியே ஓடும் தரவு, வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் ஏற்படுத்துவதை 2012-லேயே இன்டெல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. ஆகவே அடாப்டரை வெளி ஹார்டு டிஸ்கின் பக்கத்திலிருந்து விலக்க ஒரு முழ நீட்டிப்புக் கேபிள் போட்டேன். வேகம் கூடியது, நீலத்திரைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

என் குறிப்பேட்டின் கடைசிப் பதிவு மே 19 தேதியிட்டது. ஆடி மாதம் கொத்தனார் வந்து தளத்தில் துளையிட்டுக் கொடுத்தார். தொழில் நடக்கும் கணினிக்குக் கேபிளே ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். கேபிளை இணைத்த அன்று அடாப்டரைக் கழற்றியதோடு நிற்காமல், அதன் டிரைவரையும் சேமிப்பிலிருந்து நீக்கினேன். மினிடம்ப் கோப்புறை இருக்கும் இடத்தைப் பழுது பார்க்கும் தம்பியும் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.