ஏசுவுக்குத் தொடுத்த மாலை

டிசம்பர் 24 சாயங்காலம் மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் ஏசுநாதர் படம் வைத்து வழிபடுவார்கள். பல வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆரத்தி முடிந்ததும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து பாட்டு கேட்டுவிட்டு, கேக் பிரசாதம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுவேன். அதற்கு முன்னால் நடக்கிற வேலையைப் பார்த்ததே இல்லை. போன முறை பூ தொடுக்க ஆள் குறைகிறது என்று நாத்தனார் கூப்பிட்டாள், சரி என்று மதியம் 2 மணிக்கே போய்விட்டேன்.

மார்கழியில் மல்லி ஏது? கூடை நிறைய வெள்ளைச் சாமந்தியும் சிவப்பு ரோஜாவும்தான் இருந்தன. வாழை நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார்கள். நாங்கள் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்தோம். சுவாமிக்குப் போகிற பூ என்பதால் தொடுக்கும்போது யாரும் பேசக்கூடாது. எனக்கு முதலில் அது கஷ்டமாக இருந்தது, அரை மணி கழித்து அந்த மௌனமே பிடித்துப்போனது. நார் ஈரமாக இருந்தால் முடிச்சு நழுவாமல் பிடிக்கும், காய்ந்தால் பட்டென்று அறுந்துவிடும், அதனால் அடிக்கடி விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டே கட்ட வேண்டும்.

என் மாலை கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வந்தது. பூ பற்றாமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பக்கமாக வந்த வயதான மகராஜ் (மடத்துத் துறவியை அப்படித்தான் சொல்வோம்) ஒருவர் குனிந்து அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "குருதேவருக்கு என்றால் இப்படித்தான் தொடுப்பீர்களா அம்மா?" என்று மெல்லக் கேட்டார். குருதேவர் என்றால் ராமகிருஷ்ண பரமஹம்சர். அதட்டல் துளியும் இல்லை. நான் முழுவதையும் அவிழ்த்து, காம்போடு காம்பு இடிக்கிற மாதிரி நெருக்கமாகத் திரும்பக் கட்டினேன். மடத்துக்கு ஏசு வேற்று ஆள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் இதை ஒரு மரியாதைக்குச் செய்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

இதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. கல்கத்தாவை அடுத்த தட்சிணேசுவரத்துக்குப் பக்கத்தில் யது மல்லிக்கின் தோட்ட வீட்டில், குழந்தை ஏசுவை மடியில் வைத்திருக்கும் மரியன்னை படத்தைப் பார்த்துத்தான் குருதேவர் பரவசமானார். அவர் மகாசமாதி அடைந்தது 1886 ஆகஸ்டு மாதம். அதே வருடம் டிசம்பரில் பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரரும் மற்ற இளம் சீடர்களுமாக ஒன்பது பேர், அவர்களில் ஒருவரான பாபுராமின் தாயார் அழைத்ததால் வங்காளத்தில் ஆண்ட்பூர் கிராமத்து வீட்டுக்குப் போனார்கள். ஒரு ராத்திரி துனி என்கிற துறவிகளின் வேள்வி நெருப்பை மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்து தியானம் செய்தார்கள். நரேந்திரர் ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல எல்லோரும் உருகி, துறவு பூணுவது என்று அந்த நெருப்பின் முன்னாலேயே உறுதி எடுத்துக்கொண்டார்கள். அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு என்பதே அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான் சசி. ராமகிருஷ்ணானந்தர் என்ற பெயரில் 1897-இல் சென்னைக்கு வந்து இந்த மடத்தைத் தொடங்கியவர் அவரே. கோடைப் புழுக்கத்தில் குருதேவர் படத்தின் முன்னால் நின்று வெகுநேரம் விசிறிக்கொண்டிருப்பாராம். படத்துக்கு வேர்க்குமா என்று கேட்கிறவர்களுக்கு இது புரியாது. அவருக்கு அது படமே இல்லை. அப்படி ஒருவர் வாழ்ந்த இடத்தில் நான் இடைவெளி விட்டு மாலை கட்டியிருக்கிறேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

5 மணிக்குள் பூ வேலை முடிந்தது. பழம் நறுக்குவது, தட்டுகளை அடுக்குவது, தரை துடைப்பது எல்லாம் மளமளவென்று நடந்தன. மெழுகுவர்த்திகளை மட்டும் ஒரு இளம் பிரம்மச்சாரி மகராஜ் தனியாகவே நட்டுவைத்தார். ஒவ்வொன்றின் அடியையும் லேசாகச் சூடு காட்டி, தட்டில் அழுத்தி, உறைகிற வரை விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். சாய்ந்ததைப் பிடுங்கித் திரும்ப நட்டார். மெழுகு பட்டு விரல் நுனி சிவந்திருந்தது, அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

'கண்டன பவ பந்தன' பாடி ஆரத்தி முடிந்தது. அப்புறம் மெழுகுவர்த்திகளை ஏற்றினார்கள். கிறிஸ்துமஸ் பாடல்களுக்குப் பிறகு ஒரு மகராஜ் லூக்கா நற்செய்தியிலிருந்து ஏசு பிறந்த பகுதியைத் தமிழில் வாசித்தார். சத்திரத்தில் இடமில்லாமல் பிள்ளையை முன்னணையில் கிடத்திய இடம் வந்தபோது, பக்கத்தில் இருந்த பாட்டி என் காதருகே சாய்ந்து, "முன்னணைன்னா என்னம்மா?" என்றார்.

"மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டி பாட்டி."

"ஐயோ, பச்சைப் பிள்ளையை அதிலேயா போட்டா? இந்தக் குளிர்லயா?" என்றவர், சேலைத் தலைப்பை இழுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். படத்தில் இருந்த குழந்தையை விட்டு அவர் கண் அகலவே இல்லை.