கடைசிக் குண்டு யாருடையது?

போர்ப் படம் என்றாலே டாங்கியும் விமானமும்தான் என்றால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். ஜெர்மன் பிடியில் இருந்த ரோமைப் பற்றி இத்தாலிய இயக்குநர் ரொஸ்ஸெலினி எடுத்த 'ரோம், ஓபன் சிட்டி'யில் அந்தத் தொல்லை இல்லை. பசி தாங்காத பெண்கள் பேக்கரிக்குள் புகுந்து ரொட்டியை அள்ளிக்கொண்டு போகிறார்கள். அந்த வழியாக வரும் மாதா கோயில் கோயில்பிள்ளை முதலில் முகம் சுளிக்கிறார், அப்புறம் அவரும் கூட்டத்தில் நுழைகிறார். தடுக்க வேண்டிய போலீஸ்காரருக்கும் வயிறு காய்கிறது, கதாநாயகி பீனாவின் கனமான பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு வீடு வரை வருகிறார், அவள் அதிலிருந்தே ரொட்டி எடுத்து அவருக்கும் கொடுக்கிறாள். ஊரைப் பிடித்து வைத்திருக்கும் ராணுவத்தைப் பற்றி இந்த இடத்தில் யாரும் ஒரு பிரசங்கமும் செய்வதில்லை, தேவையும் இல்லை.

1943 செப்டம்பரில் இத்தாலி நேச நாடுகளோடு போர்நிறுத்தம் செய்துகொண்டதும் ஜெர்மன் படை ரோமைப் பிடித்தது. 1944 ஜூன் 4-ல் அமெரிக்கப் படைகள் நுழையும் வரை ஒன்பது மாதம் ஜெர்மன்காரர்கள் ராஜ்யம்தான். 1944 மார்ச் மாதம் ரேஷன் ரொட்டியை ஆளுக்கு நாளைக்கு 100 கிராமாகக் குறைத்தார்கள். ஓஸ்தியென்ஸே பகுதியில் ஓர் இரும்புப் பாலம், அதனருகே ரொட்டிக்காகப் போய்ச் சுடப்பட்ட பத்துப் பெண்களின் பெயர்களோடு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. சினிமாவுக்காக ஜோடித்த பசி இல்லை அது.

படப்பிடிப்பு 1945 ஜனவரியில் தொடங்கியது. இத்தாலியின் வடக்கே சண்டை அப்போதும் ஓயவில்லை. பெரிய ஸ்டுடியோவான சினெசித்தாவில் அகதிகள் தங்கியிருந்தார்கள், அதனால் கிடைத்த இடத்தில் செட் போட்டு, வசனத்தைப் பின்னால் டப்பிங்கில் சேர்த்தார்கள். துண்டு துக்கடா பிலிமைப் பொறுக்கி எடுத்த படம் என்று ஒரு கதை உண்டு, அது கொஞ்சம் மிகை. காசு இல்லை என்பது மட்டும் நிஜம்.

நடுவில் வரும் சோதனைக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மன்காரர்கள் குடியிருப்பைச் சுற்றி வளைக்கிறார்கள். பையன்கள் மாடியில் வைத்திருந்த குண்டையும் துப்பாக்கியையும் பாதிரியார் தோன் பியெத்ரோ படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு கிழவரின் கட்டிலில் ஒளித்துவிட்டு, அவருக்கு அவஸ்தை பூசுவதுபோல், அதாவது சாகிறவருக்குச் செய்யும் கடைசிச் சடங்கைச் செய்வதுபோல், நடிக்க வேண்டியிருக்கிறது. கிழவரோ சாகிற மாதிரி நடிக்க ஒப்பவே மாட்டேன் என்கிறார். வேறு வழியில்லாமல் வாணலியால் மண்டையில் ஒரு போடு. பாதிரியாராக நடித்த ஆல்தோ ஃபப்ரீத்ஸி மேடைக் காமெடியன், சிரிப்பு சும்மா வந்து விழுகிறது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பீனாவைக் கட்டிக்கொள்ள வேண்டியவனை லாரியில் ஏற்றிவிடுகிறார்கள், கர்ப்பிணியான அவள் அவன் பேரைக் கத்திக்கொண்டு பின்னால் ஓடுகிறாள், சுட்டுவிடுகிறார்கள். அன்றைக்குத்தான் அவர்களுக்குக் கல்யாணம். படம் பாதிதான் ஓடியிருக்கும், கதாநாயகி போய்விட்டாள். அழுவதற்குக்கூட நேரம் கொடுக்காமல் கதை நகர்ந்துவிடுகிறது, பீனாவாக நடித்த அன்னா மன்யானியின் அந்த ஓட்டத்தை இன்றுவரை பேசுகிறார்கள் என்றால் காரணம் இதுவும்தான்.

பீனாவின் இந்தச் சாவுக்கு வித்தான சம்பவம் 1944 மார்ச் 3-ல் நிஜமாகவே நடந்தது. ஐந்து குழந்தைகளின் தாய், மறுபடி கர்ப்பமாக இருந்த தெரேசா குல்லாச்சே, பிடித்துவைக்கப்பட்டிருந்த கணவனைப் பார்க்க ஒரு ராணுவ முகாமின் முன் போனார். சுட்டுக் கொன்றார்கள்.

சரி, இனி எனக்குள்ள மனத்தாங்கல். தோன் பியெத்ரோவுக்கு நிஜத்தில் இரண்டு பாதிரியார்கள் மாதிரி. ஒருவர் பப்பகாலோ, ரோமின் ஆர்தேயாத்தீனே குகைகளில் ஜெர்மன்காரர்கள் கொன்ற 335 பேரில் ஒருவர். இன்னொருவர் மொரோஸீனி, அவரை 1944 ஏப்ரல் 3-ல் ரோமின் பிராவெத்தா கோட்டையில் சுட்டார்கள். படத்தின் கடைசியில் தோன் பியெத்ரோவைச் சுட நிறுத்துகிறபோது இத்தாலியச் சிப்பாய்கள் வேண்டுமென்றே குறி தவறவிடுகிறார்கள், உடனே ஜெர்மன் அதிகாரி ஹார்ட்மன் கைத்துப்பாக்கியை எடுத்து முடித்துவைக்கிறான். முந்தின ராத்திரி குடித்துவிட்டு, நாம் வெறுப்பைத்தான் விதைத்தோம் என்று தன் ஆட்கள் முன்னாலேயே புலம்பியவன் அவன், அவ்வளவு நுணுக்கமான பாத்திரம்! மொரோஸீனி விஷயத்திலும் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் வானத்தைப் பார்த்துச் சுட்டதாகத்தான் பதிவு. ஆனால் காயத்தோடு கிடந்தவரைக் கைத்துப்பாக்கியால் கொன்றவன் அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய இத்தாலிய ஃபாசிஸ்ட் அதிகாரி, அதாவது முசோலினி பக்கத்து ஆள். துப்பாக்கி சத்தமில்லாமல் கை மாறியிருக்கிறது.

இது தெரிந்த பிறகு மற்றதும் கண்ணில் படும். படத்தில் உள்ளூர் ஃபாசிஸ்டுகள் ஜெர்மன்காரன் நிழலில் நிற்கும் எடுபிடிகள், அவ்வளவுதான். 1943 அக்டோபர் 16-ல் ரோம் யூதர்களை வளைத்துப் பிடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள், திரும்பி வந்தவர்கள் 16 பேர். அதுவும் இந்த ஊரில், அதே ஒன்பது மாதத்தில் நடந்ததுதான், ஆனால் கதையில் அதற்கு இடமில்லை. ரொஸ்ஸெலினியே 1941-லிருந்து 1943 வரை முசோலினி ஆட்சியின் போர்ப் பிரச்சாரத்துக்கு உதவிய மூன்று படங்கள் எடுத்தவர். அவரும் நிம்மதியாகத் தூங்க வேண்டுமே!

இதையெல்லாம் சொல்வதால் படம் எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பேக்கரியும் வாணலியும் இன்னும் பத்துத் தடவை பார்ப்பேன். வரலாற்று வகுப்பில் போட்டுக் காட்டுகிறவர்கள் மட்டும், கடைசிக் காட்சி முடிந்ததும் விளக்கைப் போட்டு, பிராவெத்தாவில் நடந்ததையும் சொல்லிவிட்டு அனுப்பினால் நன்றாக இருக்கும்.