சாட்டிலைட் சாட்சி சொல்லுமா?

"அந்த சாட்டிலைட்டு மேல இருந்து பாத்துட்டேதானுங்க இருந்திருக்கும்? நான் வண்டிய எடுத்தனா இல்லையான்னு அதையே கேட்டுச் சொல்லுங்க சார்."

டிரைவர் அண்ணன் இப்படிக் கேட்டார். "அது யாரையும் பார்க்காதுங்கண்ணா" என்றேன். சரியான பதில்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவர் முகம் போன விதத்தைப் பார்த்ததிலிருந்து, சரியான பதில் என்பதைத் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மும்பை பக்கம் பிவண்டி குடோனில் லோடு இறக்கக் காத்திருந்த லாரி, ராத்திரியில் 6 கிலோமீட்டர் ஓடியதாக ரிப்போர்ட் காட்டியது. டீசல் கணக்கும் இடித்தது. டீசலை எங்கேயோ கொண்டுபோய் விற்றுவிட்டார் என்று நாமக்கல்லில் இருந்த ஓனர் முடிவே கட்டிவிட்டார். வண்டி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை என்றார் டிரைவர். வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் ஜிபிஎஸ் டிராக்கர் பெட்டியை மாட்டிக் கொடுத்த கம்பெனியில் டேட்டா பார்ப்பவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

மேப்பில் பார்த்தால் சிலந்திவலை. வேகம் 3, 4 என்று விழுந்திருந்தது. கோடுகள் குடோன் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்தன. லாரி அப்படிப் போகாது. நாலு பக்கமும் தகரக் கொட்டகை இருக்கிற இடத்தில் சிக்னல் நேராக வராமல் தகரத்தில் பட்டுத் திரும்பி, கொஞ்சம் தாமதமாக வரும். இந்த வேலையில் அந்தக் கொஞ்சம்தான் எல்லாமே. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சிக்னல் இறங்கி வர நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அந்த நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போடுகிறோம். மைக்ரோ நொடி ஒன்று பிசகினால் 300 மீட்டர் பிசகும். அதனால்தான் மேலே அணுக் கடிகாரம். நம் பெட்டியில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ். அது எவ்வளவு பிந்துகிறது என்பதையும் சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் மூன்று செயற்கைக்கோள் போதாது, நாலாவது ஒன்றும் வேண்டும்.

இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? ரேடியோவில் மணி சொல்கிறார்கள் இல்லையா, அதுபோல அது நேரத்தையும் தன் இடத்தையும் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும், யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது என்றேன். உங்கள் இடத்தைக் கணக்குப் போட்டது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற பெட்டி. அதை எங்களுக்கு அனுப்பியது அதில் இருக்கிற சிம் கார்டு. மேலே எந்தப் பதிவும் கிடையாது. ஜிபிஎஸ் மாதிரி நம்ம நாட்டுச் செயற்கைக்கோள்களான நாவிக் ஆனாலும் இதே கதைதான்.

பொறுமையாகக் கேட்டார். "அப்ப எனக்குன்னு சொல்றதுக்கு அங்க யாருமே இல்லீங்களா?" என்றார்.

ஓனருக்கும் இதையேதான் விளக்கினேன். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "அது பாக்காதுன்னா மாசாமாசம் எதுக்குத் தம்பி காசு வாங்கறீங்க?"

இன்னொன்றும் இருந்தது. அந்த நேரம் முழுக்க சாவி ஆன். ஃபேன் ஓடவும் போனுக்குச் சார்ஜ் ஏறவும் போட்டேன் என்றார் டிரைவர். நம்பக்கூடிய விஷயம். சாவி ஆஃபில் இருந்தால் எங்கள் பெட்டி வண்டி நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு இடத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆன் ஆனதும் அந்தப் பிடியை விட்டுவிடும், ஒவ்வொரு தடுமாற்றமும் தூரமாகக் கூடும். ஃபேன் போட்டதுதான் அவர் செய்த குற்றம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சாவி ஆன் என்பது இன்ஜின் ஓடியதற்கும் பொருந்தும்.

எனவே, இந்தப் பதிவை வைத்து வண்டி ஓடியது என்று சொல்ல முடியாது, ஓடவில்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் அவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். ஓனர் நிறுத்தினாரா, அவராகப் போனாரா, நான் கேட்கவில்லை.

கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "சாட்டிலைட் பாத்துச்சு, வண்டி நகரலைன்னு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். முடிந்துதான் இருக்கும், ஓனர் நம்பியிருப்பார். ஆனால் அந்த நம்பிக்கைதானே இந்த டிரைவரைப் பிடித்தது? அதை நானே உரம் போட்டு வளர்த்தால் அடுத்த கொட்டகையில் நிற்கிறவர் மாட்டுவார். இப்படி யோசிக்கும்போது நிம்மதியாக இருக்கிறது. அப்புறம், வரப்போகிற யாரோ ஒருவருக்காக எதிரில் உட்கார்ந்திருந்தவரை விட்டுவிட்டேனோ என்றும் தோன்றும்.

இப்போதெல்லாம் சாவி ஒயரோடு, இன்ஜின் ஓடினால் மட்டும் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் ஒரு ஒயர் எடுக்கச் சொல்கிறேன். இன்ஜின் ஓடியதா என்பது அதில் தெரிந்துவிடும். கூடுதல் செலவு என்று சில ஓனர்கள் வேண்டாம் என்கிறார்கள். அந்த லாரியில் அது இருந்திருந்தால் டிரைவருக்குச் சாதகமாகத்தான் காட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். டீசல் கணக்கு ஞாபகம் வந்தால் அந்த நினைப்பும் நிற்பதில்லை.