லிஸ்பனில் திட்டமில்லாத கடைசி நாட்கள்

வெளிநாட்டுப் பயணத்தின் கடைசி சில நாட்களை எதுவும் எழுதாமல் அப்படியே காலியாக விட்டுவிடுங்கள் என்று நான் இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "இவ்வளவு செலவு பண்ணிப் போயிட்டு சும்மா உட்காரச் சொல்றீங்களா?" என்பதுதான் உடனே வரும் பதில். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். நானும் என் கணவரும் மே மாதக் கடைசியில் போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பன் போயிருந்தோம். பெலேம், கோட்டை, சிந்த்ரா அரண்மனைகள் என்று எல்லோரும் சொல்கிற இடங்களை முதல் பாதியிலேயே முடித்துவிட்டு, மீதி நாட்களை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தோம். அந்த ஊரைப் பற்றி எங்களுக்கு ஏதாவது தெரியும் என்றால் அது பெரும்பாலும் அந்த மீதி நாட்களில் வந்து சேர்ந்ததுதான்.

முதல் பாதியில் கண்ணுக்கு மட்டும்தான் வேலை இருந்தது. ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த நுழைவுச் சீட்டின் நேரம் வந்துவிடும், சிந்த்ராவில் பேனா அரண்மனைக்கெல்லாம் நேரம் குறித்த சீட்டுதான், அதனால் பேருந்து, வரிசை, கடிகாரம் என்றே போனது. இரவு அறைக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பு இருக்காது. பார்த்ததைப் பற்றி உட்கார்ந்து பேச நேரம் வேண்டும், அதுவும் இரண்டு பேராகப் போகும்போது அந்தப் பேச்சுதான் பயணத்தின் சரிபாதி என்று நான் நம்புகிறேன்.

நாங்கள் தங்கியது காம்ப்போ டி ஓரிக் என்ற பகுதியில். லிஸ்பன் முழுக்க மேடும் பள்ளமுமான ஊர், இந்தப் பகுதி மட்டும் ஒரு மேட்டின் மேலே ஓரளவு சமதளமாக, 19ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் கட்டம் போட்டு அமைத்த நேர்த் தெருக்களோடு இருக்கிறது. முழங்கால் வலி இருப்பவர்கள் தங்குவதற்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் இடம் இதுதான். புகழ்பெற்ற 28ஆம் எண் டிராம் இங்கே பிரசேரெஸ் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் வந்து முடிகிறது. மார்ட்டிம் மொனிஸ் முனையில் அதே வண்டிக்கு வெயிலில் நீண்ட வரிசை நிற்கும், இந்த முனையில் காலையில் ஏறினால் ஜன்னலோரமே கிடைத்தது.

திட்டமில்லாத முதல் காலை என் கணவர் வழக்கம்போல ஷூ மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். "இன்னிக்கு எங்கம்மா?"

"எங்கயும் இல்லைங்க. கீழ போய் காபி குடிப்போம்."

அவருக்கு அது சட்டென்று பிடிபடவில்லை. காபி குடித்துவிட்டு அப்புறம் எங்கே என்று கேட்டார். அப்புறம் இன்னொரு காபி என்றேன்.

கீழே இருந்த பேக்கரியில் மேசையில் உட்காராமல் கவுண்டரிலேயே நின்று குடிப்பவர்கள்தான் அதிகம். லிஸ்பனில் சின்னக் கோப்பையில் வரும் கறுப்புக் காபிக்கு பிக்கா என்று பெயர். அக்கம்பக்கத்துக் கடைகளில் ஒரு யூரோவை ஒட்டித்தான் விலை, அதே காபியை நடுநகரச் சதுக்கங்களில் வெளியே போட்ட நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் விலை கூடிவிடும். பால் வேண்டுமென்றால் உயரமான கண்ணாடி டம்ளரில் கலாவ் வாங்கலாம். கூடவே முட்டை மஞ்சள் கருவில் செய்த பஸ்டெல் டி நாட்டா என்ற இனிப்பு, மேலே பட்டைத் தூள் தூவி. முதல் நாள் நாங்கள் சுற்றுலாப் பயணிகள். அடுத்தடுத்த காலைகளில் கவுண்டரில் இருந்த அம்மா எங்களைப் பார்த்ததுமே இரண்டு கோப்பைகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். மொழி ஒன்றும் கிடையாது, ஒரு "போம் தியா", ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் இது நடக்கும். தினம் ஒரு புதிய கடை, தினம் ஒரு புதிய உணவகம் என்று ஓடுகிறவர்களுக்கு இந்தச் சிரிப்பு கிடைக்காது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஜார்டிம் டா பரடா என்ற சின்னப் பூங்கா. வயதான ஆண்கள் மேசை போட்டுச் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் குழந்தைகள், ஒரு சிறிய காபிக் கடை. மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த தெருக்களில் ஒன்றில்தான் கவிஞர் ஃபெர்னாண்டோ பெசோவா 1920 முதல் 1935-ல் இறக்கும்வரை குடியிருந்த வீடு இருக்கிறது, இப்போது அது அவர் பெயரிலான நினைவில்லம். வேறு வேறு பெயர்களில், அந்தந்தப் பெயருக்குத் தனி வாழ்க்கை வரலாறு, தனி நடை எல்லாம் வைத்து எழுதியவர். இறந்தபோது அவரை அடக்கம் செய்தது எங்கள் டிராம் முனையிலிருந்த அதே பிரசேரெஸில், 50 ஆண்டுகள் கழித்து 1985-ல் பெலேமில் இருக்கும் ஜெரோனிமுஸ் மடத்துக்கு மாற்றினார்கள். அந்தக் கல்லறையை நாங்கள் முதல் வாரத்திலேயே பார்த்திருந்தோம், பெயரைப் படித்துவிட்டு நகர்ந்திருந்தோம். அவர் நடந்த தெருவில் ரொட்டி வாங்கிக்கொண்டு நடந்தபோதுதான் அந்தக் கல் யாருடையது என்பது மனதில் ஏறியது.

ஒரு மதியம் கார்மு சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் லிஸ்பன் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், ஜகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்து நிற்கும் காலம் அது. அந்தச் சதுக்கம் முழுக்கப் பூ விழுந்து கிடக்கும், செருப்பில் பிசுபிசுவென்று ஒட்டும். எதிரே கார்மு மடத்தின் தேவாலயம், கூரை இல்லாமல், வளைவுகள் மட்டும் வானத்தைப் பார்த்தபடி. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள் காலையில் வந்த நிலநடுக்கத்தில் இடிந்தது. அன்று கோயில்களில் கூட்டம் நிரம்பியிருந்தது, பீடங்களில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. நடுக்கத்துக்குப் பிறகு ஆற்று முகத்துவாரம் வழியாகச் சுனாமி வந்தது, ஊரில் தீ நாட்கணக்கில் எரிந்தது. கீழே பைஷா பகுதியை அரசரின் அமைச்சரான பொம்பால் பிரபு புதிதாகக் கட்டியெழுப்பியபோது சுவருக்குள் மரச்சட்டக் கூண்டு வைத்து, அசைந்தாலும் விழாத வீடுகளாகக் கட்டச் செய்தார். இந்தத் தேவாலயத்தின் கூரையை மட்டும் மறுபடி போடவே இல்லை. அது மிகச் சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன், பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அந்தக் காலை நினைவுக்கு வருகிறது.

அதே சதுக்கத்தில், தேவாலயத்தை ஒட்டியிருக்கும் காவல்படை முகாமில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று பிரதமர் மார்செலோ காயெத்தானோ சரணடைந்தார், 48 ஆண்டுச் சர்வாதிகாரம் முடிந்தது. சிப்பாய்களின் துப்பாக்கி முனைகளில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகிய அந்த நாள். என் கணவர் வரலாறு விரும்பிப் படிப்பவர், இதையெல்லாம் அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார். கோட்டையில் கூட்டத்துக்கு நடுவில் சொல்லியிருந்தால் என் காதில் பாதிகூட விழுந்திருக்காது. இங்கே அவசரம் இல்லை, நான் கேள்வி கேட்க, அவர் மறுபடி முதலிலிருந்து சொல்ல, எதிரே அந்தக் கட்டடமே நிற்கிறது.

அவர் சொன்ன பழைய லிஸ்பன் எப்படி இருந்தது என்று பார்ப்பதற்காகவே பீங்கான் ஓடுகளுக்கான அருங்காட்சியகத்துக்கு இரண்டாம் தடவை போனோம். லிஸ்பன் வீடுகளின் முகப்பில் நீலமும் வெள்ளையுமாகப் பதித்திருக்கும் பீங்கான் ஓடுகளை அசுலேஜு என்பார்கள், அவற்றுக்கென்றே மாத்ரே டி தேஉஸ் என்ற பழைய கன்னிமடத்தில் அமைந்த அருங்காட்சியகம் இது. மேல்மாடியில் 23 மீட்டர் நீளத்துக்கு ஓடுகளிலேயே வரைந்த லிஸ்பனின் ஆற்றங்கரைக் காட்சி இருக்கிறது. 1700-ஐ ஒட்டிச் செய்தது, அதாவது நிலநடுக்கத்துக்கு முந்தைய ஊர். ஆற்றங்கரை அரண்மனை இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம், இன்று அங்கே அரண்மனை இல்லை, பெரிய சதுக்கம்தான் இருக்கிறது. முதல் தடவை இதன் நீளத்தைப் பார்த்து வியந்துவிட்டு வந்தோம். இந்தத் தடவை கார்மு எங்கே, நாங்கள் தினமும் இறங்குகிற கரை எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது.

ஓடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இதில் எனக்கு உண்மையாகவே அக்கறை உண்டு. சாந்தா கிளாரா திடலில் செவ்வாயும் சனியும் கூடும் ஃபெய்ரா டா லாத்ரா சந்தையில் பழைய ஓடுகளைத் தனித்தனியாக விற்பார்கள். அழகாக இருக்கும், கை தானாகப் போகும். அவற்றில் சில வீட்டுச் சுவர்களிலிருந்து திருட்டுத்தனமாகப் பெயர்த்து எடுத்தவையாக இருக்கலாம், இது லிஸ்பனில் நெடுங்காலமாக இருக்கும் பிரச்சினை. ஓடு பதித்த முகப்புகளை நினைத்தபடி இடிக்கவோ பெயர்க்கவோ கூடாது என்று 2017-ல் நாடு முழுவதற்கும் சட்டமே வந்தது. ஆசையாக இருந்தால் புதிதாகச் செய்து விற்கும் பட்டறைகளில் வாங்குங்கள், நாங்கள் வாங்கிய இரண்டும் அப்படி வந்தவைதான்.

மாலை நேரத்தை ஆற்றுக்கு வைத்துக்கொண்டோம். காய்ஸ் டு சொட்ரேயிலிருந்து எதிர்க்கரை காசில்யாஸுக்குப் பத்து நிமிடப் படகுப் பயணம். அலுவலகம் முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு, டிராமுக்கும் மெட்ரோவுக்கும் வாங்கிய அதே அட்டையைத் தட்டிவிட்டு ஏறலாம். தனியாகச் சுற்றுலாப் படகுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு பக்கம் ஊர் முழுக்க மேடுமேடாகத் தெரியும், இன்னொரு பக்கம் சிவப்புத் தொங்குபாலம், கரையில் 1959-ல் எழுப்பிய கிறிஸ்து அரசர் சிலை. 1966-ல் திறந்தபோது அந்தப் பாலத்துக்கு சர்வாதிகாரி சலாசாரின் பெயர், புரட்சிக்குப் பிறகு ஏப்ரல் 25 பாலம் என்று மாற்றிவிட்டார்கள். அந்த வாரம் சூரியன் மறைய ஒன்பது மணி ஆனது, அதனால் போய்விட்டுத் திரும்பி, மறுபடி போகவும் நேரம் இருந்தது.

இந்தப் படகில்தான் நாங்கள் வாஸ்கோ ட காமாவைப் பற்றி நெடுநேரம் பேசினோம். ஜெரோனிமுஸ் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் அவருடைய கல்லறை இருக்கிறது, எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1524-ல் கொச்சியில் இறந்தவர், எலும்புகளைப் பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மடத்தின் கட்டுமானத்துக்கான பணத்தில் பெரும்பங்கு கிழக்கு வணிகத்தின் மீது போட்ட வரியிலிருந்து வந்தது, நம் பக்கத்து மிளகுக் காசு அந்தக் கல் தூண்களில் இருக்கிறது. 1502-ல் இரண்டாம் பயணத்தில் மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர்களின் கப்பலை, பெண்கள் குழந்தைகள் உள்ளே இருக்கும்போதே எரித்தவரும் இவர்தான். கல்லறைக்கு முன்னால் நின்றபோது எனக்குள் ஏதோ ஒரு சங்கடம், என்னவென்று அப்போது சொல்லத் தெரியவில்லை. படகில் சொல்ல முடிந்தது. என் கணவர் கேட்டுவிட்டு, "அதே லிஸ்பன்லதான் 1554-ல தமிழ் அச்சாச்சு தெரியுமா?" என்றார். ரோமன் எழுத்தில் அச்சிட்ட தமிழ்–போர்ச்சுகீசியக் கிறிஸ்தவப் போதனை நூல், தயாரித்ததில் லிஸ்பனில் அப்போது இருந்த இந்தியர்கள் மூவரின் கை இருந்தது. அந்த மூவர் இந்தக் கரையில் எந்தத் தெருவில் நடந்திருப்பார்கள், யாரோடு தமிழில் பேசியிருப்பார்கள் என்று நான் இன்றும் யோசிக்கிறேன். எரிந்த கப்பலும் அந்த அச்சுப் புத்தகமும் ஒரே வணிகப் பாதையில் வந்தவை, ஒன்றை வைத்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. அவர் மீன் சாப்பிடுவார், சுட்ட மத்தி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் சைவம். சோப்பா டி லெகுமெஸ் என்ற காய்கறி சூப் எங்கும் கிடைத்தது. கால்டோ வெர்டே என்ற கீரை சூப்பில் மட்டும் பன்றித் தொத்திறைச்சித் துண்டு போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். கடைசி நாட்களில் பாதி வேளை சந்தையில் செர்ரி, ரொட்டி, பாலாடைக்கட்டி வாங்கி அறையிலேயே முடித்துக்கொண்டோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜெரோனிமுஸ் மடமும் பீங்கான் ஓடு அருங்காட்சியகமும் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதனால் கட்டாயம் பார்க்க வேண்டியவற்றை முதல் பாதியில் வைத்துக்கொண்டால் பின்பாதி நிம்மதியாக இருக்கும். நடைபாதைச் சுண்ணாம்புக் கற்கள் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், இறக்கத்தில் நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம். கோட்டை மேட்டுக்கு ஏறுகிறவர்கள் பைஷாவில் ஃபன்கெய்ருஸ் தெருவிலிருக்கும் பொது மின்தூக்கியைப் பயன்படுத்துங்கள், கட்டணம் இல்லை, கால் வலிக்குப் பெரிய உதவி. விமான நிலையம் மெட்ரோவின் சிவப்புத் தடத்திலேயே இருப்பதால் கிளம்பும் நாள் காலையும் உங்கள் கையில்தான். நாங்கள் அன்றும் கீழே போய்க் காபி குடித்தோம், பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, நிதானமாக, ஆளுக்கு இரண்டு.

அடுத்த முறை கோயிம்ப்ரா, போர்த்தோ என்று ரயிலில் வடக்கே போகலாம் என்கிறார் அவர். எனக்கு லிஸ்பனுக்கே இன்னொரு தடவை, கூட்டமில்லாத நவம்பரில் போக வேண்டும். பேச்சு இன்னும் முடியவில்லை.