பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை

மலேசியாவில் 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் நான் முதன்முதலாக வாக்களித்தேன். அதற்காக எங்கும் விண்ணப்பிக்கவில்லை. 2019இல் திருத்தப்பட்டு 2021 டிசம்பர் 15 முதல் அமலுக்கு வந்த அரசியலமைப்பு விதிப்படி, 18 வயதானதும் என் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டது. என்னை வளர்த்த பாட்டியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பாட்டி 1952இல் பினாங்கு மாநிலத்து நிபோங் தெபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீட்டில் பிறந்தவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். வேறு நாட்டு மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் அவர் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. அவர் நிரந்தரவாசி, குடிமகள் அல்லர். வாக்குரிமையும் மலேசியக் கடப்பிதழும் அவருக்குக் கிடையாது.

பிரசவம் பார்த்தது தோட்டத்து மருத்துவச்சி. பிறப்பைப் பதியப் பட்டணத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும்; அதனால் பதியவில்லை. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, தோட்டங்களிலிருந்து பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பாட்டியின் குடும்பம் இங்கேயே தங்கியது. சிவப்பு அட்டை கிடைத்ததே பெரிது என்று இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல்கலைக்கழக விடுதியில் அமர்ந்து கூட்டரசு அரசியலமைப்பின் குடியுரிமைப் பகுதியை வரிவரியாகப் படித்தேன். மெர்டேக்காவுக்கு, அதாவது 1957 விடுதலைக்கு, முன் இங்கே பிறந்தவர்களுக்கு 16ஆவது பிரிவு வழிவிடுகிறது. மொழியைப் பொறுத்தவரை, மலாயில் அடிப்படை அறிவு இருந்தால் போதும். இங்கே பிறந்ததைக் காட்ட முடியாவிட்டால் மிஞ்சுவது 19ஆவது பிரிவு. கடந்த 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். இங்கேயே பிறந்தவரை வந்தேறியைப் போல விண்ணப்பிக்க வைக்க நான் விரும்பவில்லை. பிறந்ததற்குச் சான்று தேடினோம்.

தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. தமிழ்ப்பள்ளி மட்டும் இடம் மாறி உயிரோடு இருந்தது. தலைமையாசிரியர் அலமாரியிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தந்தார். ஓரம் செல்லரித்த பக்கத்தில், ஊதா மையில், பாட்டியின் பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, லயத்து எண். பாட்டி அந்த வரியை விரலால் தொட்டு, “இது எங்கள் வாத்தியார் கையெழுத்து” என்றார். பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. தந்தை பெயரையும் வாத்தியார் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். பதிவேட்டில் இருப்பவரும் அடையாள அட்டையில் இருப்பவரும் ஒருவரே என்று பாட்டியின் அண்ணன் சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்தார். அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் அதே தோட்டத்தின் பெயர் இருந்தது பெரிய துணை.

அரசு அலுவலக முகப்பிடங்களில் இதற்கு முன் நான் வாய் திறந்ததே இல்லை; எல்லாவற்றையும் அப்பா பார்த்துக்கொள்வார். இப்போது, “இந்தத் தாள் போதாது” என்று ஓர் அதிகாரி கோப்பைத் தள்ளினால், எது போதும், எந்த விதிப்படி என்று பணிவாகக் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டுதான் நகர்வேன். கல்லூரி எனக்குக் கற்றுத் தராதது இது.

மாலைகளில் ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடுகளில் பயிற்சி. 1970இல் அறிவிக்கப்பட்ட ஐந்து கோட்பாடுகளில் மூன்றாவது மட்டும் பாட்டிக்கு வசப்படவில்லை. கெலுஹுரான் பெர்லெம்பாகாஆன், அதாவது அரசியலமைப்பின் மேலாண்மை. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) வந்து, தாளம் தட்டி, துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுத்தார். சந்தை மலாய் பாட்டிக்குச் சரளம். சடங்கு மலாய்தான் புதிது.

நேர்காணல் அறைக்குள் என்னை விடவில்லை. பாட்டிக்காக நான் பேசியே பழகிவிட்டிருந்தேன். வெளியே கைகட்டி நிற்பது கடினமாக இருந்தது. கதவு வழியே அவர் குரல் கேட்டது. சிறுவயதில் எங்கே வேலை செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்க வேண்டும். பாட்டி மலாயில் மரம் சீவுவதை விளக்கத் தொடங்கிவிட்டார்: கத்தியைப் பிடிக்கும் விதம், மழை நாளில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் நீர் புகுந்தால் பால் கெடுவது. அந்தக் குரலில் தயக்கமே இல்லை. அவருடைய வழக்கைச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யாருமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முடிவு இன்னும் வரவில்லை. இதற்கிடையே, பாட்டியோடு தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான ஆயாக் கொட்டகையில் வளர்ந்த தோழி ஒருவரும் சிவப்பு அட்டையோடு இருப்பது தெரிந்தது. வரும் விடுமுறையில் அவருடைய தாள்களைப் பார்க்கப் போகிறோம். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று பாட்டியே தொலைபேசியில் அவருக்குச் சொல்லிவிட்டார். பள்ளிப் பதிவேட்டை முதலில் தேடச் சொல்லியிருக்கிறார்.