நான்காவது பாடத்தைப் பார்த்துக் குரூப் எடுங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் தலைமையாசிரியர் அறை வாசலில் என்ன பேச்சு நடக்கும் என்பது நம் பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரியும். "பயலுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பு போட்டுத் தந்திரணும் சாரே." மார்க் எவ்வளவு, எந்தப் பாடத்தில் எவ்வளவு, பயலுக்கு எதில் பிரியம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நம் பழைய மாணவர் சங்கத்தில் பலருடைய பிள்ளைகள் இப்போது பிளஸ் ஒன் வாசலில் நிற்கிறார்கள். அதனால் பழைய கதையோடு, இன்றைக்குக் கணக்குப் போட வேண்டிய விதத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் குரூப், இரண்டாம் குரூப், மூன்றாம் குரூப் என்பதெல்லாம் பி.யு.சி., அதாவது கல்லூரியில் படித்த ஓராண்டுப் புகுமுக வகுப்பு, இருந்த காலத்துச் சரக்கு. 1978இல் பிளஸ் ஒன் வரும்வரை பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் தெ.தி. இந்துக் கல்லூரிக்கும், மேற்கே உள்ளவர்கள் மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் பி.யு.சி. படிக்கப் போனார்கள். கணக்கு உள்ளது முதல் குரூப், உயிரியல் உள்ளது இரண்டாவது, கலைப் பாடங்கள் மூன்றாவது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தபோது பள்ளிகளும் அதே பேச்சை எடுத்துக்கொண்டன. வரிசைக்கு வைத்த எண்ணைத் தரத்துக்கு வைத்ததாக ஊரே நினைத்துக்கொண்டது. அந்த நினைப்பு இன்னும் மாறவில்லை.

பிளஸ் டூவில் ஆறு பாடம். மொழி ஒன்று, ஆங்கிலம் ஒன்று, மீதி நான்கு குரூப் பாடங்கள். 2018 மார்ச் வரை பாடத்துக்கு 200 வீதம் மொத்தம் 1200 என்று நாம் பழகியிருந்தோம். 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்து, பாடத்துக்கு 100, மொத்தம் 600 என்றானது; 2019 மார்ச்சிலிருந்து பிளஸ் டூவுக்கும் அதே கணக்கு. 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. அறிவியல் பக்கம் போனால் இயற்பியலும் வேதியியலும் எந்தக் குரூப்பிலும் உண்டு. ஆக, நிஜமாகத் தேர்ந்தெடுப்பது இரண்டே இடம்: கணக்கு வேண்டுமா வேண்டாமா என்பது ஒன்று, நான்காவதாக எது என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பெற்றோர் சண்டையே போடுவார்கள். இரண்டாவதற்கு, பள்ளியில் எது காலியாக இருக்கிறதோ அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

நான்காவது பாடத்தின் மவுசு காலத்துக்குக் காலம் மாறியது. 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தபோது கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் கொடிகட்டிப் பறந்தது. இன்ஜினியரிங், மெடிக்கல் இரண்டுக்கும் விண்ணப்பம் போடலாம் அல்லவா? இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கட் ஆஃபுக்குக் கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50, நுழைவுத் தேர்வில் 100, ஆக 300. 2007இல் நுழைவுத் தேர்வு போனதும் அது 200 ஆனது, இன்றும் அப்படியே. அந்தச் சமயத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் ஓடியது ஓட்டம். காரணம் கணினி மேல் பிள்ளைகளுக்கு இருந்த ஆசை மட்டும் இல்லை. 150 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் 75 ஒரு மதிப்பெண் வினாக்கள்! ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸ்ஸும் படித்து 200க்கு 200 வாங்கியவர்கள் ஏராளம். அந்த வினாத்தாள் இப்போது இல்லை. பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான், உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டிய பாடம். "கம்ப்யூட்டர் சயன்ஸ் எடு, மார்க் கொட்டும்" என்று வெளிநாட்டிலிருந்து போனில் சொல்கிற சித்தப்பாக்கள் பழைய வினாத்தாளை நினைத்துச் சொல்கிறார்கள்.

நான்காவது பாடம் எங்கே எண்ணப்படும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். இன்ஜினியரிங் கட் ஆஃபில் அது கிடையாது. ஆனால் இருவர் ஒரே கட் ஆஃபில் நின்றால் முதலில் கணக்கு, அடுத்து இயற்பியல், அதிலும் சமம் என்றால் நான்காவது பாடம் பார்ப்பார்கள். கலந்தாய்வில் ஒரே எண்ணில் பிள்ளைகள் கூட்டமாக நிற்கும்போது இதில் தர வரிசை நிறைய நகரும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கதை வேறு. தமிழ், ஆங்கில இலக்கியம் தவிர மற்றப் படிப்புகளுக்கு நான்கு பாடமும் சேர்த்து 400க்குத்தான் தர வரிசை. பி.எஸ்.சி. இயற்பியல் ஆசையில் இருக்கும் பிள்ளை இயற்பியலில் 95 வாங்கி, வேண்டாவெறுப்பாக எடுத்த உயிரியலில் 52 வாங்கினால் வரிசையில் அந்த 52 கீழே இழுக்கும். நீட் தேர்வுக்கோ உயிரியல்தான் பாதி: 720இல் 360. அங்கே பிளஸ் டூ மார்க் தர வரிசைக்குச் சேராது. ஆனாலும் இரண்டு வருடம் அந்தப் பாடத்தோடு வாழாதவர்கள் அதை எழுத முடியாது.

கணக்கு எடுக்கலாமா என்று எப்படி முடிவு செய்வது? பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கவே கூடாது. நம் பள்ளியில் சேர்க்கைக்கு உட்காரும் ஆசிரியர் விண்ணப்பத்தின் மூலையில் சிவப்பு மையில் இரண்டே எண் எழுதுவார்: கணக்கு, அறிவியல். மொத்தத்துக்கு அங்கே இடமே இல்லை. நல்ல பழக்கம்தான், ஆனால் இன்றைக்கு அதுவும் போதாது. இப்போதைய பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினா 14, செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இந்த முப்பதையும் புத்தகத்தின் பின்பக்கப் பயிற்சியாலும் ஸ்கேல் காம்பஸாலுமே எடுத்துவிடலாம். அப்படி 60 வாங்கிய பிள்ளை இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும் எவ்வளவு எழுதியிருக்கும் என்று கழித்துப் பாருங்கள். பிளஸ் ஒன் கணக்குத் தொடங்குவதே கணங்கள், சார்புகள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல் என்று. அங்கே வரைபடத் தாள் கைகொடுக்காது. பிள்ளையிடம் ஒரு காரணிப்படுத்தல் கணக்கும் ஒரு முக்கோணவியல் முற்றொருமையும் கொடுத்து, புத்தகம் பார்க்காமல் செய்யச் சொல்லுங்கள். ரிசல்ட்டை விட அது சரியாகச் சொல்லும்.

இன்னொரு சிக்கல், அனுபவப்பட்ட ஆசிரியர்கள் மட்டும் முன்கூட்டிச் சொல்வது. பிளஸ் ஒன் இயற்பியலில் இரண்டாவது பாடமே இயக்கவியல். வெக்டாரும் வகையிடலும் தொகையிடலும் அங்கேயே வந்துவிடும். கணக்குப் புத்தகத்திலோ அவை இரண்டாம் தொகுதியில். ஜூலையில் இயற்பியல் சார் போர்டில் டி எக்ஸ் பை டி டி எழுதும்போது பிள்ளைக்கு அது புது எழுத்து. காலாண்டில் இயற்பியலில் தோற்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் விழுகிறார்கள், இயற்பியலே வராது என்று நினைத்துக் குரூப் மாற்றக் கேட்பதும் இதனால்தான். கோடை விடுமுறையில் வகையிடலின் நான்கைந்து விதிகளை மட்டும் போட்டுப் பழகினால் இந்த மேடு தாண்டிவிடும். கணக்கு இல்லாத குரூப்புக்குப் போனாலும் இது விடாது. கணக்குக்குப் பயந்து தாவரவியல் விலங்கியல் எடுத்தவனையும் இயற்பியல் பிடித்துக்கொள்ளும்.

உயிரியல் எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கையைப் பற்றி. படம் வரையப் பிடிக்காத பிள்ளை அதில் திணறும். தாவரவியல் செய்முறையில் இளந்தண்டை பிளேடால் குறுக்கே சீவி, ஒளி புகும் அளவுக்கு மெல்லியதாக ஒரு துண்டு எடுத்து, சஃப்ரனின் சாயமிட்டு, ஒரு சொட்டு கிளிசரினில் வைத்து மூடுவில்லை போட வேண்டும். துண்டு தடித்தால் நுண்ணோக்கியில் சிவப்புத் திட்டு மட்டும் தெரியும், திசு தெரியாது. பிளேடை நனைக்காமல் சீவுவதும், முழுத் தண்டையும் ஒரே வெட்டில் எடுக்கப் பார்ப்பதும்தான் தடிப்பதற்குக் காரணம். கணக்கோடு சேர்ந்த உயிரியலில் தாவரவியலும் விலங்கியலும் ஒரே தாளின் இரண்டு பகுதிகள், தனித்தனி விடைத்தாள். தாவரவியலை ரசித்து எழுதிவிட்டு விலங்கியலுக்கு நேரம் இல்லாமல் போவது வருடாவருடம் நடக்கும் கூத்து. கணக்கு இல்லாத குரூப்பில் இரண்டும் தனித்தனி நூறு மதிப்பெண் பாடங்கள்.

வேதியியல் அறிவியல் குரூப் எல்லாவற்றுக்கும் பொது என்பதால் அதன் ஆய்வகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பெர்மாங்கனேட்டை ஆக்சாலிக் அமிலத்தோடு தரம்பார்க்கும் ஆய்வையே எடுங்கள். பிப்பெட்டில் 20 மி.லி. அமிலக் கரைசல் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, கை பொறுக்காத சூட்டுக்கு, அதாவது 60 முதல் 70 டிகிரிக்குக் கொண்டுவந்து, ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிவு. கந்தக அமிலம் குறைந்தாலோ சூடு போதாமல் அவசரமாக விட்டாலோ பழுப்பாகக் கலங்கும், அதைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். வருடம் முழுக்க ஆய்வகத்தைப் பூட்டி வைத்துவிட்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் திறக்கும் பள்ளியில் இந்தப் பழுப்பை முதன்முதலாகத் தேர்வு நாளில்தான் பிள்ளை பார்க்கும். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும், மொத்தம் 35. செய்முறையில் முழு மார்க் வந்துவிட்டது என்று எழுத்தை விட்டவர்கள் அந்தப் பதினைந்தில் மாட்டுவார்கள்.

வணிகவியல் குரூப்பைப் பற்றி நம் குமரி மாவட்டத்தில் இருக்கும் இளப்பம் எனக்கு என்றுமே புரிந்ததில்லை. கணக்குப்பதிவியல் பத்தாம் வகுப்பில் யாரும் படிக்காத பாடம். ஜூனில் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்பார்கள், பழைய பாக்கி கிடையாது. சி.ஏ. படிப்பின் முதல் தேர்வான ஃபவுண்டேஷனுக்கு எந்தக் குரூப்பும் செல்லும் என்றாலும் பற்று வரவு கையில் இருப்பவனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. இங்கேயும் நான்காவது பாடம்தான் விஷயம்: வணிகக் கணிதம் உள்ள பிரிவு கிடைத்தால் அதையே எடுங்கள். தொழிற்பிரிவைக் கேவலமாக நினைப்பது அதைவிடத் தப்பு. மின்னியல், இயந்திரவியல் போன்ற பிரிவுகளில் படித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு, இன்ஜினியரிங்கில் தனி ஒதுக்கீடும் உண்டு. நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரில் அரசு பாலிடெக்னிக் இருக்கும்போது இதை யோசிக்காமல் விடுவானேன்?

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் போகும் இரண்டு வழிகளுக்குக் குரூப் கட்டாயம். பி.எஸ்.சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். மெர்ச்சன்ட் நேவியில், அதாவது வணிகக் கப்பலில், கப்பல் ஓட்டும் டெக் அதிகாரியாகப் போக இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம், கூடவே ஆங்கிலத்தில் 50. குளச்சல் கரையில் கடல் தெரிந்த பையன்கள் பலர் இந்த ஆங்கில ஐம்பதை யாரும் சொல்லாமல் தவறவிட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்குத் தடையாகும் நிறக்குருடு இருக்கிறதா என்பதையும் பிளஸ் ஒன் சேரும் முன்பே சோதித்துக்கொள்ளலாம், கண் மருத்துவரிடம் சில நிமிட வேலை.

மொழிப் பாடத்தில் மார்க் வரும் என்று பிரெஞ்சு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது எந்தத் தொழிற்படிப்புக் கட் ஆஃபிலும் சேராது. விளவங்கோடு பக்கம் மலையாளம் படித்து வளர்ந்த பிள்ளைகள் அதையே தொடர்வதில் நியாயம் இருக்கிறது. மார்க்குக்காகப் புதிதாக ஒரு மொழி தொடங்குவதில் இல்லை. பயிற்றுமொழி மாற்றுவது இன்னும் பெரிய விஷயம். பத்து வரை தமிழ் வழியில் படித்துவிட்டுப் பிளஸ் ஒன்னில் ஆங்கில வழி போனால் முதல் மூன்று மாதம் புரியாமல் போவது பாடம் இல்லை, சொல்தான். ஆனால் அரசு வேலையில் தமிழ் வழிக்கான 20 சதவீத ஒதுக்கீடு கைவிட்டுப் போகும், ஏனென்றால் இப்போது பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும்.

குரூப் மாற்றம் வேண்டும் என்றால் காலாண்டு வரை காத்திருக்காமல் வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களில் கேட்டுவிட வேண்டும். தேர்வுத் துறைக்கு நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியல், போய்விட்டால் தலைமையாசிரியர் கையிலும் ஒன்றும் இல்லை. மாறும் முன் விடுபட்ட பாடத்துக்கு ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்க முடியுமா என்றும் பாருங்கள்.

கடைசியாக, வளைகுடாவில் சி.பி.எஸ்.இ. படிக்கும் பிள்ளைகளுக்கு. 2020 தேர்விலிருந்து அங்கே பத்தாம் வகுப்புக் கணக்கு ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு. பேசிக் எடுத்தவர்களுக்குப் பதினொன்றில் வழக்கமான கணக்கு கிடையாது, அப்ளைடு கணக்குதான் என்பது முதலில் வைத்த விதி; பிறகு பல வருடம் வாரியம் அதைத் தளர்த்தியது, அதனால் அந்தந்த வருட விதியைப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆக, குரூப் தேர்வு அங்கே பத்தாம் வகுப்பிலேயே பாதி முடிந்துவிடலாம். ஊருக்கு வந்து பிளஸ் ஒன் சேர்க்க நினைத்தால் டி.சி.யோடு மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் எடுத்து வையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்களுக்கு இன்ஜினியரிங் கலந்தாய்வில் இருப்பிடச் சான்று கேட்பார்கள். மருத்துவத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே பார்ப்பார்கள். தாசில்தார் ஆபீஸ் வேலை இழுக்கும், அப்பா விடுமுறையில் வரும் மாதத்திலேயே விண்ணப்பம் போட்டு வாங்கி வைத்துவிடலாம்.