அவ எழுதினதை அழிக்கக் கூடாது

நானும் என் காலேஜ் ஃபிரெண்டும் சேர்ந்து ஒரு கதை எழுதிட்டிருக்கோம், ஒரே கூகுள் டாக்ஸ்ல, ஒரு அத்தியாயம் நான் அடுத்தது அவ, ஆரம்பிச்சு ஏழு மாசமாச்சு. நாலாவது அத்தியாயத்துல நான் ஒரு பெரியம்மாவைக் கொண்டு வந்தேன். யார்கிட்டயும் வாய் திறந்து எதுவும் கேக்காத மனுஷி, கடைசி வரைக்கும் அவங்களை அப்படியே கொண்டு போகணும்னு எனக்குள்ள ஒரு கணக்கு. அஞ்சாவதுல இவ என்ன பண்ணா, அந்தப் பெரியம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி இருநூறு ரூபா கைமாத்து கேக்க வச்சுட்டா. படிச்சதும் அப்படி ஒரு கோவம், அந்தப் பாரா முழுக்க செலக்ட் பண்ணி டெலீட் பட்டன் மேல விரலை வச்சுட்டேன்.

அப்போ ஞாபகம் வந்தது டிடெக்‌ஷன் கிளப். இங்கிலாந்துல துப்பறியும் கதை எழுதுறவங்களோட சங்கம் அது, அகதா கிறிஸ்டி, டோரத்தி சேயர்ஸ், செஸ்டர்டன் எல்லாம் சேர்ந்து 1931ல ஆளுக்கொரு அத்தியாயமா ஒரே நாவலை எழுதிக் கொண்டு வந்தாங்க. முன்னாடி எழுதினவர் போட்டுட்டுப் போன முடிச்சு எதையும் கண்டுக்காம தாண்டக் கூடாது, அதோட கொலைக்கு ஒரு விடையை மனசுல வச்சுக்கிட்டுதான் எழுதணும், இதுதான் அவங்க ரூல். அப்போ இவ மனசுலயும் ஏதாவது இருக்கும்ல? போன் போட்டுக் கேட்டேன். "கேக்கவே கேக்காதவங்க கேக்குறாங்கன்னா சும்மாவாடி? எதுக்குன்னு நீ எழுது"ன்னா.

ரெண்டு வாரம் ஆச்சு எனக்கு. பதினொரு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத தங்கச்சியைப் பாக்கப் போக பஸ் காசு. நான் இதுவரைக்கும் எழுதினதுல அதுதான் உருப்படியான அத்தியாயம், தனியா உக்காந்திருந்தா சத்தியமா எனக்கு வந்திருக்காது.

எல்லரி குவீன்ங்கற பேர்ல எழுதின ரெண்டு கஸின்ஸ், டேனே கதையோட அமைப்பைப் போட்டுக் கொடுக்க லீ அதை எழுதுவார், லெட்டர்லயே அவ்ளோ சண்டை. அந்த மாதிரி பிரிச்சுக்குறது எனக்கு ஒத்து வராது, எழுத்துல ரெண்டு பேர் கையும் படணும். நம்ம சுபாவும் ஒரே பேர்ல எழுதுற ரெண்டு பேர்தான், ஸ்கூல் படிக்கும்போது அவ்ளோ படிச்சிருக்கேன், எந்த வரி சுரேஷ் எந்த வரி பாலகிருஷ்ணன்னு ஒரு தடவை கூட தோணினதில்ல, அந்த மாதிரி வரணும்.

ரஷ்யாவுல ஜோடியா சேர்ந்து கதை எழுதின இல்ஃப், பெத்ரோவ் கிட்ட இருந்து ஒண்ணு எடுத்துக்கிட்டோம். ஒரே வார்த்தை ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தோணினா அதை விட்டுடுவாங்களாம், ரெண்டு பேருக்குத் தோணினது மூணாவது ஆளுக்கும் தோணும்ங்கறதால. ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல பஸ் சீனைப் பேசும்போது ரெண்டு பேரும் ஒண்ணா "கண் கலங்கிச்சு"ன்னோம். தூக்கிட்டோம். இப்போ பெரியம்மா டிக்கெட்டை நாலா மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்குறாங்க, அவ்ளோதான்.

நேத்து ராத்திரி டாக்ஸைத் திறந்தா அவளோட கர்சர் ஓடிட்டிருக்கு, தங்கச்சி கதவைத் திறக்குறா. பேசுவாளா மாட்டாளான்னு தெரியறதுக்குள்ள லேப்டாப்பை மூடிட்டேன், அவ எழுதி முடிக்கட்டும்.